போலிக்குக் குரல் வந்த பிறகு

மார்பகப் படத்தைப் பார்த்ததுமே டாக்டர் பியூலாவுக்குச் சந்தேகம் தட்டியது. இவ்வளவு பளிச்சென்று ஒரு கட்டி நிஜத்தில் எங்கே வருகிறது? பாடப்புத்தகத்திலிருந்து பிடுங்கி வைத்த மாதிரி இருந்தது. டாக்டர்களின் கண்ணைச் சோதிக்க, நோயாளிகளின் படங்களுக்கு நடுவே போலிப் படங்களைக் கலந்துவிடுவது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். இப்போது போலிகளுக்குக் கணினிக் குரலும் கொடுத்திருந்தார்கள். புற்றைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. போன் போட்டுப் பக்குவமாகச் சொல்கிறார்களா என்பதற்கும் மதிப்பெண் உண்டு.

பியூலா 'புற்று' என்று குறித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"இசக்கியம்மாளா? உங்க படத்துல ஒரு கட்டி தெரியுது. நாளைக்கே வாங்க, சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்."

மறுமுனையில் ஒரு பெண் குரல்: "நாளைக்கு மவளுக்கு வளைகாப்புல்லா டாக்டரம்மா. ஒரு வாரம் கழிச்சு வரட்டுமா?"

வளைகாப்பாம். போன வாரம் பேசிய போலிக்குப் பேரனின் காதுகுத்து. நன்றாகத்தான் ஜோடிக்கிறார்கள். மதிப்பெண் போனால் போகட்டும் என்று பியூலாவுக்கு ஆத்திரம் வந்தது.

"ரொம்ப நல்லா நடிக்கிறே. நீ பொய், உன் படமும் பொய்னு எனக்குத் தெரியும்."

போலியென்றால், அதைக் கண்டுபிடித்துச் சொன்னதுமே திரையில் 'சோதனை முடிந்தது' என்று பச்சை எழுத்து வந்திருக்க வேண்டும். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

"படம் பொய்யா?" என்றது குரல். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லைல்லா டாக்டரம்மா?"

அந்தக் குரலில் இப்போதுதான் உயிர் வந்திருந்தது.