போட்டுக் கொடுத்த நாத்தனார்

"கூடப் பிறந்த தம்பி சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணி!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் நாத்தனார் வீட்டுக்குள் வந்து கத்தினாள் பஸ் டிரைவரின் மனைவி.

நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உட்காரும்மா."

"உட்கார வரல. டிப்போ மேனேஜர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன். எங்கம்மாவுக்கு மனசு வியாதி இருந்துச்சு, தம்பிக்கும் அதே மாதிரி தெரியுது, இப்போ பஸ்ஸைக் கொடுக்காதீங்கன்னேன்."

இரண்டு மாதம் முன்பு நடந்த பஸ் விபத்தில் டிரைவர் மேல் தப்பே இல்லை. குறுக்கே பாய்ந்த சைக்கிள்காரர் இறந்துபோனார். விசாரணையும் முடிந்தாயிற்று. ஆனால் அன்றிலிருந்து டிரைவருக்குத் தூக்கமில்லை, சாப்பாடில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பாவம், மனைவி கெஞ்சி, திட்டி, அழுது, ஒருவழியாக நாளைக்கு டூட்டிக்குப் போகச் சம்மதிக்க வைத்திருந்தாள். அதற்குள் இந்த அம்மாள் முந்திக்கொண்டாள். டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் பஸ்ஸைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

"அதே பஸ்ல இருந்த கண்டக்டர் மூணாம் நாளே வேலைக்கு வந்துட்டார். இவருக்கு மட்டும் என்ன கேடு?"

"கண்டக்டர் வேற வயித்துல பிறந்தவர்மா. டாக்டரைக் கேட்டேன். இது ரத்தத்துல சும்மா கிடக்குமாம். பெரிய அடி விழுந்தா சிலருக்குக் கிளம்பிடுமாம். நானும் அதே வயித்துலதான் பிறந்தேன், எனக்கு வரல. அவனுக்கு வந்துடுச்சு."

"அத்தை மஞ்சள் காமாலையில போனாங்கன்னுதானே பொண்ணு கேட்டு வந்தப்போ சொன்னீங்க? அன்னிக்கு மறைச்ச வாய் இன்னிக்குத் தம்பட்டம் அடிக்குதா? பைத்தியக்காரக் குடும்பம்னு டிப்போவே சிரிக்குது!"

"சிரிக்கட்டும்."

"கல்நெஞ்சு உங்களுக்கு! நாலு பேரோட பேசி, வேலை வெட்டின்னு போனா சரியாயிடுவார்னுதானே நான் படாத பாடு பட்டேன்!"

நாத்தனார் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்பா செத்தப்போ அம்மா இப்படியேதான் படுத்துக்கிட்டாங்க. தம்பிக்கு நாலு வயசு, எனக்குப் பதினெட்டு. ஊர்ல எவளும் புருஷனைப் பறிகொடுக்கலையா, எழுந்து மில்லுக்குப் போங்கன்னு தினமும் கத்துவேன்."

டிரைவரின் மனைவி மெல்லச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"ஒரு நாள் போனாங்க. அன்னிக்கே உயிரை மாய்ச்சுக்கிட்டாங்க. மஞ்சள் காமாலைன்னு சொல்லி ஊர் வாயை மூடிட்டேன். ஆனா, போக மாட்டேன்னு கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னவங்க விரலைப் பிரிச்சு அனுப்பி வச்சது நான்தாம்மா."