நீக்கியதற்குக் காரணம்

திரையில் கலைமதி இறந்த தேதி பளிச்சென்று தெரிந்தது. கலைமதியோ எதிர் நாற்காலியில், ஏழு மாத வயிற்றின் மேல் கைப்பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்கேன் எடுக்கப் போன எடத்துல அட்டையப் பாத்துட்டு, நான் செத்து ஒரு வருசமாச்சுங்கிறாங்க மேடம். வரிசைல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க."

பிரகதீஸ்வரிக்கு வாயெல்லாம் கசந்தது. இலுப்பூர் வட்டார வியாபாரிகள் சங்கத்து மருத்துவ அட்டைகளைக் கவனிப்பது அவளுடைய அலுவலகம்தான். உறுப்பினர்கள் போனில் சொல்வதைக் கேட்டு, இணையப் படிவத்தை ஏஐ ஏஜென்ட் என்ற மென்பொருள் தானே நிரப்பிவிடும்.

போன வருடம் கலைமதியின் அப்பா, உரக்கடை வெள்ளைச்சாமி, மகள் பெயரை அட்டையிலிருந்து எடுக்கச் சொல்லிப் பேசியிருந்தார். படிவத்தில் காரணம் இரண்டுதான். திருமணம் என்று குறித்தால் பெண்ணுக்குத் தனி அட்டை கிடைக்கும். இறப்பு என்று குறித்தால் அந்தப் பெயரில் பிறகு எதுவும் கிடைக்காது.

"இந்தத் தேதில என்ன விசேசம்னு ஞாபகம் இருக்கா?"

கலைமதி எட்டிப் பார்த்தாள். "அன்னைக்குத்தாங்க எங்க கல்யாணம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல."

விஷயம் விளங்கிவிட்டது. அப்பா கல்யாணத் தேதியைச் சொல்லியிருக்கிறார். ஏஜென்ட் அதைக் கொண்டுபோய் இறப்புக் கட்டத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பேச்சைப் போட்டுக் கேட்கலாமென்றால், ஒரு மாதத்துக்கு மேல் எந்தப் பதிவும் இருப்பதில்லை.

பெயரை நீக்க ஏஜென்ட் பயன்படுத்தும் மென்பொருள் கருவிக்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறது என்று திறந்து பார்த்தாள். ஒரு கருவி எதற்கு, எப்போது, என்ன கேட்டுவிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்பதை ஏஜென்ட் அந்த விளக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். அங்கே இருந்தது இரண்டே சொல்: 'நபரை நீக்கும்.'

எழுதியவர் மேனேஜர் ரெங்கராஜ். பக்கத்து மேசையில் பஜ்ஜியைச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இத வச்சுக்கிட்டு அதுக்கு என்னதான் புரியும்? காரணத்தக் கேக்கணும்னுகூட எழுதலையே!"

"ஆயிரம் பேருக்கு ஒழுங்கா ஓடிருக்கு, ஒண்ணே ஒண்ணு தப்பிருச்சு. மெஷின் கோளாறுன்னு சொல்லி அனுப்பும்மா."

குரலைக்கூட அவர் தணிக்கவில்லை. கட்டைவிரலில் வழிந்த சட்னியை நக்கிவிட்டு, அதே கையால் மௌஸைப் பிடித்தார். பிரகதீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வார்த்தை கூடுதலாக எழுதச் சோம்பல்பட்டு, வயிற்றுப்பிள்ளைக்காரியைச் சாகடித்துவிட்டு, பஜ்ஜி தின்கிறான் மனுஷன்!

கீபோர்டை இழுத்து வைத்து அவளே எழுதினாள்.

'குடும்பத் தலைவர் கேட்டால் மட்டும், ஒருவர் பெயரை அட்டையிலிருந்து நீக்கும். காரணம் திருமணமா, இறப்பா என்று கேள். நீயாக ஊகிக்காதே. இறப்பு என்றால், அவர் உயிரோடு இல்லை என்று திருப்பிச் சொல்லி, சரியென்று பதில் வந்த பிறகே பதிவு செய்.'

பிறகு தன் குரலிலேயே சோதித்தாள். "எம் மக போயிருச்சு" என்றாள். "பொண்ணு இப்ப இங்க இல்லைங்க" என்று முணுமுணுத்தாள். எப்படிச் சொன்னாலும் ஏஜென்ட் நின்று, திருமணமா இறப்பா என்று கேட்டது. காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

"இப்ப ஒங்க அப்பாவுக்குப் போன் போகும். அவரு 'கல்யாணம்'னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், இன்னைக்கே புது அட்டைக்கு எழுதிரலாம்."

கலைமதி எழுந்துவிட்டாள். "நான் வெளிய நிக்கிறேன் மேடம்."

"எதுக்கு? இருங்க. ஒங்க காதாலயே கேட்டுட்டுப் போங்க." பிரகதீஸ்வரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் யாரோ மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது.

"வணக்கம் வெள்ளைச்சாமி ஐயா. உங்கள் மகள் கலைமதியின் பெயரை அட்டையிலிருந்து நீக்கியதற்குக் காரணத்தைச் சரிபார்க்கிறோம். திருமணமா, இறப்பா?" ஏஜென்டின் பெண் குரல் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகக் கேட்டது.

"இறப்பு."

பிரகதீஸ்வரி சட்டென்று கலைமதியைப் பார்த்தாள். கலைமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதிக் கொடுத்தபடியே ஏஜென்ட் திருப்பிச் சொன்னது. "உங்கள் மகள் கலைமதி உயிரோடு இல்லை என்று பதிவு செய்கிறேன். சரிதானா ஐயா?"

"சரிதாம்மா. போன தடவையும் இதத்தான சொன்னேன்."