வெளியாள்

தேவசகாயத்தின் வீட்டு அலமாரியில் மூன்று சர்வர்கள் ஓடின. ஒன்றில் மனைவி வயலட்டின் தையல்கடை இணையதளம், இன்னொன்றில் சர்ச் பாடகர் குழுவின் தளம், மூன்றாவதில் அவர் எடுத்த பறவைப் படங்கள். மூன்றுக்கும் காவலாக ஒரே ஃபயர்வால் என்ற தடுப்பு மென்பொருள். வெளியாள் எவனாலும் அதைத் தாண்டி வீட்டுக்குள் நுழைய முடியாது. அதில் ஒரே ஒரு தொல்லை: உள்ளே வீட்டு வைஃபையில் உட்கார்ந்துகொண்டு தன் தளங்களைத் தானே பார்க்க முடியாது. வெளியே போய் வெளியாளாக நின்றுதான் பார்க்கவேண்டும்.

அன்று சாயங்காலம் ஃபயர்வாலை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போனோடு தெருவுக்கு வந்தார். போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தார். மூன்றும் பளிச்சென்று திறந்தன. திருப்தியாகத் திரும்பினால், கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"வயலட், கதவத் தொற."

"யாரு?"

"நாந்தான்" என்றார். பேரையும் சொல்லிப் பார்த்தார்.

உள்ளே அவள் யாரிடமோ தணிந்த குரலில் சொன்னாள்: "என்னங்க, வாசல்ல உங்க குரல்லயே ஒருத்தர் கூப்பிடுறாரு."

சர்வர் இருந்த அறையில் நாற்காலி நகர்ந்தது. உள்ளிருந்து தேவசகாயத்தின் இருமலே கேட்டது.

"தொறக்காத. வெளிய நிக்கிறவன் என்ன பேரு வேணும்னாலும் சொல்லுவான்."