பெற்றோர் கையெழுத்து

கார் கம்பெனியும் சமுதாயக் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் மின்சார கார் பயிற்சியில், ஆசிரியை புவனா ரொம்பக் கண்டிப்பானவர். அவர் முன் யுஸ்ரா தலைகுனிந்து நின்றாள்.

“பாடம் நடக்கறப்ப ஒரே பேச்சுங்க. டீக்குப் போனா திரும்பி வர்றதே இல்லைங்க. பரீட்சை எழுத எப்படி விடறது?”

“இந்த ஒரு தடவ மன்னிச்சிருங்க மேடம். இந்த கம்பெனி வேலையை நம்பித்தான் குடும்பமே இருக்குதுங்க.”

புவனா மனமிரங்கி உறுதிமொழித் தாளை நீட்டினார். அதில் ‘பெற்றோர்’ என்றிருந்ததை அடித்து, ‘மகள்’ என்று எழுதி, யுஸ்ரா கையெழுத்துப் போட்டாள்.

முப்பது வருடம் பெட்ரோல் கார்களைப் பழுதுபார்த்த அவள் அத்தா யூனுஸ், மாணவர் சீருடையில் வாசலில் நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

“பரீட்சை எழுதலாம்னு சொல்லிட்டாங்க அத்தா. ஆனா நாளையிலிருந்து நீங்க முதல் பெஞ்சுலதான் உக்காரணுமாம்.”

யூனுஸ் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே துள்ளிக் குதித்தார்.