செவலையின் வயிற்றில் இருந்தது

மாட்டு டாக்டர் செவலைப் பசுவின் இடது விலாவைத் திறந்து, பூசணிக்காய் அளவுக்குச் சுருண்டு கிடந்த பிளாஸ்டிக் கவர்களை வெளியே எடுத்துப் போட்டார். "குழி தோண்டிப் புதைச்சிரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான் மாரப்பன். தெய்வானை புதைக்கவில்லை. ஒவ்வொரு கவராகப் பிரித்துக் கழுவித் தன் சேலைகளுக்கு நடுவே கொடியில் காயப்போட்டாள். வேளாண்மைத் துறையின் பயிற்சி முகாமில் பார்த்து வந்தபடி, சோளத்தட்டையோடு சேர்த்துக் காற்றுப் புகாத இரும்பு டிரம்மில் அடைத்துக் கருக்கினாள். கிடைத்த கரியைச் சாக்கில் கட்டித் தொழுவத்துக் கழிவுநீர் வெளியேறும் வாயில் வைத்தாள். சாணமும் மூத்திரமும் கலந்து ஓடிப் பக்கத்துக் குட்டையைப் பச்சையாக்கிக்கொண்டிருந்த தண்ணீர், தன் சத்தைக் கரியிடம் விட்டுவிட்டுத் தெளிந்து போனது. ஊறிக் கனத்த கரியைத் தீவனப்புல்லின் வேரில் போட்டாள். புல் இடுப்புயரம் எழுந்து நின்றது. முதல் கட்டுப் புல்லை அறுத்து வந்தபோது மாரப்பன் மறித்தான்.

"அது வயித்துல இருந்து எடுத்ததையே திரும்ப அதுக்குப் போடறயா?"

"அதோட சொத்துங்க. வேற யாருக்குக் குடுக்கச் சொல்றீங்க?"

செவலை வெகுநேரம் மோந்து பார்த்தது. பிறகு தின்னத் தொடங்கியது. விலாவில் தையல் தழும்பு மெல்ல ஏறி இறங்கியது. அப்போது காற்றில் ஒரு பால் கவர் பறந்து வந்து புல்லின்மேல் விழ, செவலை அதற்கும் நாக்கை நீட்டியது. தெய்வானை வெடுக்கென்று எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பொறு புள்ள. இதும் உனக்குத்தான். இப்ப இல்ல."