கூடை நிறைய அவித்த முட்டை

“எந்த மெடிக்கல் காலேஜ், டாக்டரய்யா?” என்று கேட்டுக்கொண்டே சாமந்தி மாலையை நீட்டினாள் கோயில் வாசல் பூக்காரி. அவள் கண், அவர் மனைவி லம்யாய் தூக்கி வந்த முட்டைக் கூடை மேலேயே இருந்தது.

விச்சியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் டாக்டரே இல்லை. ஆற்றங்கரைக் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்துக்கொண்டு, இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மாத்திரை கொடுத்தே ஊருக்கு டாக்டரய்யா ஆனவர். மகளையாவது நிஜ டாக்டராக்கிக் கடை மாடியில் பலகை மாட்டிவிட வேண்டும் என்று மூன்று வருஷமாக அந்தப் பெண்ணின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

“ஒரு காலேஜும் இல்ல. நீ பூவை மட்டும் வித்தா போதும்” என்று மாலையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார்.

“அப்போ முட்டை எதுக்கு?” என்று பூக்காரி வாய்விட்டே கேட்டாள். அந்தக் கோயில் புத்தருக்கு, கேட்டது கிடைத்தவர்கள்தான் அவித்த முட்டை கொண்டுவந்து படைப்பது வழக்கம். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் விச்சியனுக்கு வாழ்த்துச் சொல்லி அவர் மானத்தை வாங்கியதும் அதனால்தான்.

பின்னால் மகள் ஃபாய் கையில் போனோடு தலைகுனிந்து வந்தாள். மொத்த மதிப்பெண்ணில் அவளுக்குக் குறைவில்லை. ஆனால் மருத்துவம் படிக்க ஒவ்வொரு பாடத்திலும் ஒரு கீழ்வரம்பைத் தாண்டியாக வேண்டும். வேதியியலில் ரெண்டே மார்க்கில் சறுக்கிவிட்டாள். விருப்பப் பட்டியலில் மேலே இருந்த மருத்துவக் கல்லூரிகள் மொத்தமும் கைவிட்டுப்போய், அடியில் அப்பாவுக்குத் தெரியாமல் அவள் சேர்த்திருந்த மீன்வளப் படிப்பில் இடம் வந்திருந்தது. சேர்கிறாளா இல்லையா என்று அன்று சாயங்காலத்துக்குள் போனில் பதில் சொல்ல வேண்டும்.

“மீனு படிக்கப் போறாளாம், மீனு! சந்தையில கருவாடு விக்கிறவ எல்லாம் பட்டம் வாங்கிட்டா வந்து உக்காந்திருக்கா?” என்றார் விச்சியன். “வேணாம்னு அமுக்கிடு, ஃபாய். ஒரு வருஷம் பாங்காக்ல டியூஷன்ல போட்டு உன்னை டாக்டராக்கறேனா இல்லையா பாரு.”

ஃபாய் அம்மாவைத்தான் பார்த்தாள். போன மாதம் கடைக்கு விரலை வெட்டிக்கொண்டு வந்த ஒருவருக்குக் கட்டுப் போடப் போய், ரத்தத்தைப் பார்த்து அவருக்கு முன்னால் இவள் சரிந்து விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியவள் லம்யாய். ‘போகப் போகப் பழகிடும்’ என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பியவர் இந்த மனிதர்.

லம்யாய் மண்டியிட்டு, தட்டில் முட்டைகளை அடுக்கி, ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தாள்.

“தோத்ததுக்கும் முட்டை வைக்கிற ஒரே பொம்பள இந்த தேசத்துலயே நீதான்டி.”

“வேண்டிக்கிட்டா குடுத்துடணுங்க. இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது.”

“உன் ஆறாங்கிளாஸ் மூளைக்கு அவ்வளவுதான் ஓடும்.”

ஊதுபத்தி எரிந்து முடிகிறவரை முட்டையை எடுக்கக் கூடாது. விச்சியன் தூணில் சாய்ந்துகொண்டு, பக்தர்கள் ஒட்டிய தங்கத் தாளில் மினுங்கிக்கொண்டிருந்த புத்தரை முறைத்தார். அவருக்கு அந்தச் சிலை மேல் தனிக் கோபம் இருந்தது. நேர்ந்துகொள்கிறவன் எல்லாம் முட்டாள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் வாய் கிழியப் பேசுகிற அதே மனிதர்தான், பரீட்சைக்கு முந்தின வாரம் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு யாருக்கும் தெரியாமல் இங்கே வந்து மண்டியிட்டிருந்தார்.

“ரெண்டு மார்க்கு! அதை வாங்கிக் குடுக்கத் துப்பில்ல” என்றார் சிலையைப் பார்த்து. “ரெண்டு பேரு வந்து கேட்டும் மனசு இரங்கல பாரு.”

லம்யாய் திரும்பினாள். “ரெண்டு பேரா?”

வாய் தவறி வந்துவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அதையும் அதட்டலாகவே சொன்னார். “ஆமாடி, நானும்தான் வந்தேன். ஆயிரம் முட்டை வைக்கிறேன்னேன், பன்னித் தலை வைக்கிறேன்னேன். நீ ஏதோ கூடை முட்டையோட நிறுத்திக்கிட்ட, அதான் அவரு அசையல. நேந்துக்கிறதுலகூட கஞ்சத்தனம்!”

லம்யாய்க்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷத்தில் அவர் முன்னால் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. ஊதுபத்தி அணைந்ததும் மூன்று முறை தரையில் நெற்றி பட வணங்கி எழுந்தாள். ஒரு முட்டையை எடுத்து நிதானமாக உரித்து மகள் கையில் கொடுத்தாள்.

“சாப்பிடும்மா. சாப்பிட்டு, சேர்றேன்னு அமுக்கு.”

ஃபாய் அப்பாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் போனில் அமுக்கிவிட்டாள்.

“ஏய்! யாரைக் கேட்டுடி?” விச்சியன் போட்ட சத்தத்தில் பூக்காரி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். “சாமியே கைவிட்டப்புறம் நீ யாருடி அவளுக்கு வழி காட்ட? கேட்டது கிடைக்காம எவளாவது முட்டை படைப்பாளா? சொல்லுடி!”

லம்யாய் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“மெடிக்கல் கிடைக்கக் கூடாதுன்னுதாங்க நான் கேட்டேன்.”