வெட்கத் துண்டு

"பெர்மின் கை கழுவப் போயிட்டான். தட்டை இப்படித் தள்ளு, சீக்கிரம்!"

பூண்டு இறால் சட்டியில் கிடந்த காய்ந்த மிளகாய் இரண்டை எடுத்து, தட்டில் மிச்சமிருந்த மீன் உருண்டைக்குள் பல்குச்சியால் குத்தித் திணித்தார் எலாதியோ.

"டேய், பாவம்டா" என்றார் ஹசிந்தோ. சொன்னாரே தவிர, தடுக்கவில்லை.

மூன்று பேருக்கு ஏழு உருண்டை. எப்படியும் ஒன்று மிஞ்சும். அந்தக் கடைசி ஒன்றுக்கு ஸ்பெயினின் செவில்யா ஊரில் வெட்கத் துண்டு என்று பெயர். ஆறி அவலாகிக் குப்பைக்குப் போனாலும் போகுமே தவிர, மானமுள்ளவன் அதில் கை வைக்க மாட்டான்.

பெர்மின் வைப்பார். நாலு வருஷமாக, ஞாயிறு தவறாமல், தேவாலயத்தில் பூசை முடிந்து இந்தக் கடைக்கு வந்து, கடைசித் துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அன்றும் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். மடித்தார்.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கா?" என்றார் எலாதியோ.

"ஆமா, அப்படித்தான் வச்சுக்கோயேன்."

"உனக்கெல்லாம் வெட்கமே கிடையாதாடா?"

"அதை வச்சு என்னடா பண்றது?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார் பெர்மின். என்றைக்கும் இல்லாத உற்சாகம்.

எலாதியோவும் ஹசிந்தோவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைக்காரி ரெமே மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு சின்ன கிளாஸ் பியரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்க அண்ணனும் இப்படித்தான், யாரையாவது வம்புக்கு இழுத்துக்கிட்டே இருப்பார். இப்பவாவது அவரோட பேசுறீங்களா, எலாதியோண்ணே?"

எலாதியோவின் முகம் சுருங்கிப்போனது.

"எட்டு வருஷம் ஆச்சு. எங்கம்மா சவப்பெட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு, 'நீ பார்த்துக்கிட்ட லட்சணத்துலதான் செத்துப்போனா'ன்னு சொன்னவர் அவர். அவர்தான் முதல்ல வரணும்."

"வந்தா?"

"வந்தா வேண்டாம்னா சொல்லப் போறேன்?" குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கார். ஞாயித்துக்கிழமை ஆனா என் கண்ணு வாசல்லதான் இருக்கு. யார்கிட்ட சொல்ல?"

அவர் பார்த்த அதே வாசலில் பெர்மின் நின்றுகொண்டிருந்தார். போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கையில் காகிதம். அதில் பாதி கடித்த உருண்டை.

"இது யாரு வேலை?"

"வேற யாரு, நான்தான்!" என்று மேஜையைத் தட்டினார் எலாதியோ. "காரம் எப்படி?"

"நான் திங்கல."

"அப்புறம்?"

பெர்மின் உட்கார்ந்தார்.

"நாலு வருஷமா இதை உங்க அண்ணனுக்குத்தான்டா கொண்டு போறேன். மூட்டுவலி. மூணு மாடி இறங்கி வர முடியல. 'எலாதியோ உங்களுக்காக எடுத்து வச்சான்'னு சொல்லித்தான் கொடுப்பேன். பொய்தான். வாங்கித் தின்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார்."

எலாதியோவின் கை மேஜைமேல் அப்படியே நின்றுவிட்டது.

"போன வாரம்தான் வாயைத் திறந்தார். 'அடுத்த ஞாயிறு எப்படியாவது படி இறங்கிடறேன், கடைக்கு வரலாமான்னு அவனைக் கேளு. சரின்னா ஒரு உருண்டை கொடுத்துவிடச் சொல்லு'ன்னார். உன்கிட்ட கேட்டா வீம்புக்காகவே முடியாதும்ப. அதான் கேக்கல. நானே கொண்டு போயிட்டேன்."

"அண்ணன் என்ன சொன்னார்?"

"வெள்ளைச் சட்டை போட்டு, சவரம் பண்ணி, கைத்தடியோட கதவுகிட்டயே நின்னுக்கிட்டு இருந்தார்டா. கடிச்சார். கண்ணுல தண்ணி. உள்ளே மிளகாயைப் பார்த்தார். 'அவன் பதில் வந்துடுச்சு'ன்னு சொல்லி இதை என் கையில திருப்பிக் கொடுத்துட்டார். விளையாட்டுக்கு இருக்கும்ணே, விளையாட்டுக்கு இருக்கும்ணேன்னு எவ்வளவோ கத்திப் பார்த்தேன். கதவைச் சாத்தினவர் திறக்கவே இல்லை."

பெர்மின் காகிதத்தைப் பிரித்து வைத்தார். அந்தப் பாதி உருண்டை மேஜை நடுவில் இருந்தது.

எலாதியோ அதை எடுத்து வாயில் போட்டு, மென்று விழுங்கினார். ரெமே அவசரமாகத் தண்ணீரை நீட்டினாள்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வழிந்த கண்ணைத் துடைக்காமலே அண்ணன் வீட்டுத் தெருவைப் பார்த்து நடந்தார்.